தொலைந்த சம்பளச் சீட்டு, படிவம் 16: நகல் கேட்டு வரும் ஊழியருக்கு என்ன செய்வது?

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு பேட்டைகளிலும் சிறிய, நடுத்தர நிறுவனங்களில் சம்பளக் கணக்கு பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிவம் 16 என்பது ஊழியர் சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கு நிறுவனம் கொடுக்கும் ஆண்டுச் சான்று. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஒரு போர்ட்டல் இருக்கும், ஊழியரே பழைய சீட்டை இறக்கிக்கொள்வார். நம்மிடம் அப்படி இல்லை. கணக்கு பார்ப்பவர், ஆள் எடுப்பவர், ஆடிட்டரிடம் ஓடுபவர் எல்லாம் ஒருவரே. அவர் மேசை முன்னால்தான் பழைய ஊழியர் வந்து நிற்கிறார்: "சார், பையனுக்கு எஜுகேஷன் லோன். பேங்க்ல ரெண்டு வருஷ ஃபார்ம் 16 கேக்குறாங்க. வீட்ல தண்ணி வந்தப்ப எல்லாம் போயிடுச்சு."

நம் பக்கத்தில் இது சாக்கு இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று இந்தக் கரையோர வீடுகளில் பீரோவின் அடித்தட்டு எத்தனையோ முறை நனைந்திருக்கிறது.

நகல் கொடுத்தே ஆக வேண்டுமா, அல்லது நம் விருப்பமா?

படிவம் 16-ஐப் பொறுத்தவரை சந்தேகமே வேண்டாம். வரி பிடித்த முதலாளி அடுத்த ஜூன் 15-க்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் இழுத்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். மொத்த அபராதம் பிடித்த வரியைத் தாண்டாது. கொடுத்த படிவத்தை ஊழியர் தொலைத்துவிட்டுக் கேட்டால், 'நகல்' என்று சான்றளித்து மீண்டும் கொடுக்க வருமான வரி விதிகளிலேயே இடம் இருக்கிறது. "ஒரு தடவை கொடுத்தாச்சு, இனி முடியாது" என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

சம்பளச் சீட்டு கொடுப்பதும் சட்டப்படியான கடமைதான். 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊதியப் பதிவேடு வைப்பதையும் சீட்டு கொடுப்பதையும் அது கட்டாயமாக்குகிறது. தொலைந்ததை மறுபடி கொடுக்கச் சொல்லும் தனி வரியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பதிவேடு உங்களிடம் இருக்கிறது, உழைத்தவர் முன்னால் நிற்கிறார், அச்சடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அவ்வளவுதான் விஷயம்.

ஊழியரிடம் என்னென்ன கேட்கலாம்?

ஒரு பக்கக் கடிதம் போதும். பெயர், ஊழியர் எண், வேலை பார்த்த காலம், எந்த ஆவணம், எந்த மாதம் அல்லது ஆண்டு, இப்போதைய செல்பேசி எண், எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது. கையெழுத்து. வேலையை விட்டுப் பல வருடம் ஆனவர் என்றால் ஒரு அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தால் போதும், ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் குத்தி வைக்க வேண்டியதில்லை.

காரணம் கேட்பதை நான் ஏற்பதில்லை. கடன் வாங்குவதும், வேறு வேலைக்குப் போவதும், பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பிப்பதும் அவர் சொந்த விஷயம். சில அலுவலகங்களில் போலீஸ் புகார் ரசீது, ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி உறுதிமொழி எல்லாம் கேட்கிறார்கள். நிலப் பத்திரம் தொலைந்தால் அது தேவை. படிவம் 16-க்கு எதற்கு? மூலம் உங்கள் லாகினில் பத்திரமாக இருக்கும்போது, ஒரு தொழிலாளியை அரை நாள் சம்பளம் இழந்து காவல் நிலையத்துக்கு அலைய வைப்பது அநியாயம்.

எழுதத் தயங்குகிறவர் வந்தால் நீங்களே எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

"2023-24 ஃபார்ம் 16" என்று கேட்கிறார். எந்த ஆண்டைக் கொடுப்பது?

வங்கியில் இருந்து சீட்டு எழுதி அனுப்பும்போதே இந்தக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வாங்கிய சம்பளம் 2022-23 நிதியாண்டு; அதன் மதிப்பீட்டு ஆண்டு (அதற்கு வரி கணக்கிடும் அடுத்த ஆண்டு) 2023-24. வங்கிக்காரர் எதைச் சொன்னார் என்று ஊழியருக்கே தெரியாமல் இருக்கலாம். "எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வாங்கிய சம்பளம்?" என்று கேளுங்கள், சரியாகிவிடும். இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு ஆண்டுகளையும் கொடுத்துவிடுங்கள். (2025-ஆம் ஆண்டு புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும். அதில் இந்த இரட்டைப் பெயர் போய், 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயர்தான். ஆனால் பழைய ஆண்டுகளுக்குப் பழைய கணக்குதான்.)

படிவம் 16 நகலை எங்கிருந்து எடுப்பது?

ஊழியர் தாமே இறக்கிக்கொள்ள முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை. வருமான வரித் தளத்தில் அவருக்குக் கிடைப்பது 26ஏஎஸ் (அவர் பெயரில் சேர்ந்த வரிக் கணக்கு), ஏ.ஐ.எஸ். (ஆண்டுத் தகவல் அறிக்கை), தாக்கல் செய்த ரிட்டர்ன் ஆகியவைதான். படிவம் 16 நிறுவனத்தின் டான் எண்ணில் (வரி பிடிப்பவருக்கான எண்) டிரேசஸ் என்ற வருமான வரித் துறையின் வரிப் பிடித்தத் தளத்துக்குள் நுழைந்தால் மட்டுமே வரும்.

உள்ளே போய் நிதியாண்டைத் தேர்ந்து, ஒரே ஒரு பான் எண்ணுக்கு மட்டும் கோரிக்கை வைக்கலாம். மொத்த ஊழியர்களுக்கும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. கோப்பு தயாராக ஒரு நாள் வரை ஆகலாம் என்பதால், வந்தவரை உட்கார வைத்துவிட்டுத் தேடாதீர்கள். நாளை மறுநாள் வரச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிறுவனம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். டிரேசஸ் சரிபார்ப்புக்காக, பிடித்த வரிக்கு நிறுவனம் போட்ட காலாண்டு அறிக்கையின் (24க்யூ) டோக்கன் எண், சலான் விவரம், மூன்று பான் எண்களும் அவற்றுக்குப் பிடித்த தொகையும் கேட்கும். இவை அந்தக் காலாண்டுக் கோப்பில்தான் இருக்கும். ஆடிட்டர் மாறியிருந்தால், பழைய ஆடிட்டரிடமிருந்து 24க்யூ கோப்புகளை இப்போதே வாங்கி வையுங்கள். ஊழியர் வந்து நிற்கும் அன்று தேட ஆரம்பித்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

2012-13 நிதியாண்டு முதல் பகுதி 'ஏ'-வை, அதாவது பிடித்துக் கட்டிய வரி விவரத்தை, டிரேசஸிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு நிறுவனமே தயாரித்துக் கொடுத்த தாள்தான் மூலம். அதன் அலுவலகப் பிரதி இருந்தால் நகல் எடுக்கலாம்.

பகுதி 'பி', அதாவது சம்பள விவரமும் கழிவுகளும், 2018-19 முதல் டிரேசஸிலேயே வருகிறது. அதற்கு முந்தியது உங்கள் பேரோல் மென்பொருளில்தான் இருக்கும். அந்த மென்பொருளின் உரிமம் முடிந்து, கம்ப்யூட்டரும் பழசாகி, யாரும் திறக்க முடியாமல் கிடக்கிறதா? நான்காம் காலாண்டு 24க்யூ அறிக்கையின் இரண்டாம் இணைப்பைப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம், கழிவுகள், வரி எல்லாம் ஆள்வாரியாக அதில் இருக்கும்.

வங்கியில் கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்?

டிஜிட்டல் கையொப்பம் போட்ட பி.டி.எஃப்.-ஐ அப்படியே அச்சடித்தால் கையொப்பத்தின் மேல் கேள்விக்குறி விழும். அதைப் பார்த்துத்தான் திருப்புகிறார்கள். அடோபி ரீடரில் திறந்து கையொப்பத்தைச் சரிபார்த்துப் பச்சைக் குறி வந்த பிறகு அச்சடித்துக் கொடுங்கள். அல்லது பேனாவால் கையெழுத்துப் போட்டு நிறுவன முத்திரை வையுங்கள், அதுவும் செல்லும். எதுவானாலும் முதல் பக்கத்தில் 'நகல்' என்ற சொல்லும் கொடுத்த தேதியும் இருக்கட்டும்.

அவருக்கு வரியே பிடிக்கவில்லை. படிவம் 16 எப்படிக் கொடுப்பது?

இனி இந்தக் கேள்வி அதிகம் வரும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. நம் பேட்டைகளில் பெரும்பாலோர் அதற்குள்தான். வரி பிடிக்காவிட்டால் படிவம் 16 கொடுக்கும் கட்டாயமும் இல்லை. ஆனால் "இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் வங்கியில் அவர் என்ன சொல்வார்?

லெட்டர்ஹெட்டில் ஒரு சம்பளச் சான்று கொடுங்கள்: மாதவாரியாக மொத்தச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரிப் பிடித்தங்கள், கையில் கொடுத்தது. கடைசியில், "வரிக்குரிய வருமானம் வரம்புக்குள் இருந்ததால் வருமான வரி பிடிக்கப்படவில்லை, எனவே படிவம் 16 வழங்கப்படவில்லை" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய உதவி.

பழைய சம்பளச் சீட்டு கணினியில் இல்லை. புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்துவிடலாமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நகல் என்றால் அன்று கொடுத்த சீட்டின் மறு அச்சு. அன்றைய எண்கள், அன்றைய பதவிப் பெயர், அன்றைய பிழைகூட. 2019-இல் கிரேடு 'ஹெல்ப்பர்' என்று இருந்தால், இப்போது அவர் சூப்பர்வைசர் ஆகியிருந்தாலும் 2019 சீட்டில் ஹெல்ப்பர்தான். நிறுவனம் பெயர் மாறியிருந்தாலும் பழைய பெயர்தான் வர வேண்டும். பெயர் மாறியதற்குத் தனிக் கடிதம் இணைக்கலாம்.

மறு அச்சு எடுக்க வழியில்லை, ஆனால் ஊதியப் பதிவேடும் வங்கி விவரமும் இருக்கின்றன என்றால், அவற்றைப் பார்த்து ஒரு விவரத் தாள் தயாரிக்கலாம். தவறில்லை. ஆனால் அதன் தலைப்பில் 'சம்பளச் சீட்டு' என்று போடாதீர்கள். "இன்ன பதிவேட்டின்படி தொகுத்த சம்பள விவரம்" என்று எழுதி, இன்றைய தேதியைப் போடுங்கள். பழைய தேதி போட்டு, பழைய மேலாளர் பெயரில் புதிதாக ஒரு சீட்டு உருவாக்குவது, எண்கள் முழுக்கச் சரியாக இருந்தாலும், பொய் ஆவணம்தான். வங்கியில் சரிபார்க்க வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கடன் மறுக்கப்படுவது அவருக்கு. நல்லது செய்யப் போய் அவரை மாட்டிவிட்டதாக ஆகும்.

"கொஞ்சம் ஏத்திப் போட்டுக் கொடுங்க சார்" என்கிறாரே?

கோபப்படாமல் மறுத்துவிடுங்கள். பெரும்பாலும் இது ஏஜென்ட் சொல்லிக் கொடுத்து வருவது. சீட்டில் ஒரு தொகை, பி.எஃப். பாஸ்புக்கில் வேறு தொகை, வங்கியில் வரவானது இன்னொரு தொகை என்றால் கடன் அதிகாரி உடனே கண்டுபிடித்துவிடுவார் என்பதை அவருக்கே விளக்குங்கள். ஓவர்டைம், இன்சென்டிவ், போனஸ் உண்மையாகவே கொடுத்திருந்து சீட்டில் தனியாக வராமல் இருந்தால், அதைச் சான்றில் எழுதிக் கொடுப்பது நேர்மையான வழி. பல சமயம் அதுவே வங்கிக்குப் போதும்.

மனைவியோ, தம்பியோ, கடன் ஏஜென்டோ வந்து கேட்டால் கொடுக்கலாமா?

ஊழியரின் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் யாருக்கும் வேண்டாம். மனைவிக்கும்தான். குடும்பத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஜீவனாம்ச வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். கோர்ட் உத்தரவு வந்தால் அதன்படி கொடுங்கள். ஊழியர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால், நம்மிடம் பதிவான அவர் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ நாமே தொடர்புகொண்டு உறுதி செய்துவிட்டு, அவர் மின்னஞ்சலுக்கே அனுப்பலாம்.

கடன் ஏஜென்ட் தொலைபேசியில் "வெரிஃபிகேஷன்" என்று கேட்டால் சம்பளத் தொகையைச் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து எழுத்தில் வரட்டும், ஊழியர் சம்மதத்தோடு.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

கூடாது என்பேன். பான் எண், முகவரி, சம்பளம் மூன்றும் ஒரே தாளில் இருக்கிறது. பாஸ்வேர்டு போட்ட பி.டி.எஃப்.-ஐ அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், பாஸ்வேர்டைத் தனியாகச் சொல்லுங்கள். மின்னஞ்சல் இல்லாதவர் நேரில் வாங்கிக்கொள்ளட்டும். முக்கியமாக, அலுவலகத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவில் எல்லோருடைய கோப்பையும் கொண்டுபோய் ஒருவருடையதை மட்டும் அச்சடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

நோட்டீஸ் கொடுக்காமல் நின்றவர், கம்பெனிக்குப் பணம் பாக்கி. அதை அடைத்தால்தான் நகல் என்று சொல்லலாமா?

கூடாது. பாக்கி வேறு, ஆவணம் வேறு. அவர் பெயரில் பிடித்து அரசுக்குக் கட்டிய வரிக்கான சான்று அது. பிணையாக வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை.

பிடித்தம் சீட்டில் இருக்கிறது, 26ஏஎஸ்-இல் வரவில்லை என்கிறார். அதற்காகத்தான் நகல் கேட்கிறாராம்.

இதைக் கேட்டதும் நகலை ஒளிக்கத் தோன்றும் நிறுவனங்கள் உண்டு. அது பெரிய தவறு. முதலில் பான் எண்ணைச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் அவர் வரி வேறொருவர் கணக்கில் போயிருக்கும், அல்லது எங்கும் சேராமல் நிற்கும். திருத்த அறிக்கை போட்டால் சரியாகும். ஆனால் பழைய ஆண்டுகளுக்குத் திருத்தம் போட இப்போது காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை என்றால் அது முதலாளியின் குற்றம். சம்பளத்தில் பிடித்துவிட்ட வரியை அந்த ஊழியரிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று 1961 சட்டத்தின் 205-ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்தார்கள் என்பதற்கு அவர் கையில் இருக்கும் ஆதாரமே அந்தச் சம்பளச் சீட்டுதான். அதனால்தான் அந்தச் சாதாரணத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு.

காண்டிராக்ட் தொழிலாளி நம்மிடம் வந்து கேட்டால்?

சிப்காட்டில் ஒரே கேட்டுக்குள் பத்து வருடம் வேலை பார்த்தவர், நடுவில் மூன்று காண்டிராக்டர் மாறியிருப்பார்கள். சீட்டும் படிவம் 16-ம் கொடுக்க வேண்டியவர் அந்தந்தக் காண்டிராக்டர். ஆனால் "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று வாசலோடு அனுப்பாதீர்கள். மாதா மாதம் காண்டிராக்டர் பில்லோடு இணைத்து வாங்கிய மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), பி.எஃப். சலான், ஆள்வாரி ஈ.சி.ஆர். பட்டியல் (மாதாந்தரப் பி.எஃப். பங்களிப்பு விவரம்) உங்கள் பில் கோப்பிலேயே இருக்கும். அதில் அவர் பெயர் உள்ள பக்கத்தை, மற்றவர் விவரங்களை மறைத்து, நகல் எடுத்துக் கொடுக்கலாம். காண்டிராக்டரின் நிறுவனப் பெயரையும் பி.எஃப். கோட் எண்ணையும் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்) வந்தது 2014-இல், அதற்கு முன் வேலை பார்த்த இடங்களின் கணக்கு எண் பழைய சீட்டில் மட்டுமே இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர் பழைய சீட்டைத் தேடி வருகிறார் என்றால் பெரும்பாலும் இதற்குத்தான். அவருக்கு முதலில் அந்த எண்ணைத் தேடிக் கொடுங்கள், மற்றது பிறகு.

நிறுவனத்தின் ஆவணங்களே வெள்ளத்தில் போய்விட்டால்?

எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு போனது என்று பட்டியல் எழுதி, நனைந்த கோப்புகளைப் புகைப்படம் எடுத்து, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இங்கே ரசீது அவசியம். நாளைக்கு ஆய்வாளர் பதிவேடு கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

பிறகு வெளியே இருக்கும் பிரதிகளைச் சேருங்கள். பி.எஃப். தளத்தில் மாதவாரி ஈ.சி.ஆர்., இ.எஸ்.ஐ. தளத்தில் பங்களிப்பு விவரம், டிரேசஸில் 24க்யூ தொகுப்புக் கோப்பு, வங்கியில் சம்பளம் போட்ட பட்டியல், ஆடிட்டரிடம் உள்ள பிரதி. வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், ஆகவே அதைத் தாமதிக்காமல் கேளுங்கள். இவற்றை வைத்து ஆள்வாரியாக விவரத் தாள் தயாரித்துவிடலாம். ஊழியர்களிடமே அவர்கள் கையில் உள்ள பழைய சீட்டுகளைக் கேட்டு ஸ்கேன் செய்துகொள்வதும் நல்ல வழி. யாரும் மறுக்க மாட்டார்கள்.

கம்பெனியே மூடிவிட்டது. ஊழியர் என்ன செய்வார்?

பழக்கத்தில் நம்மிடம்தான் வந்து கேட்பார். வழி சொல்லி அனுப்புங்கள்: 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ்., வங்கி ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக். ரிட்டர்ன் தாக்கல் செய்யப் படிவம் 16 இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இவை போதும். கலைப்பு நடவடிக்கையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆவணங்கள் கலைப்பாளர் பொறுப்பில் இருக்கும், அவருக்கு எழுதலாம்.

இறந்துபோன ஊழியரின் குடும்பம் கேட்டால்?

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வாரிசுச் சான்று வரத் தாமதமானால், பி.எஃப். நாமினியாகப் பதிவானவருக்குக் கொடுப்பதில் நான் தயங்க மாட்டேன். காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அவர்கள் ஓடவேண்டியிருக்கும். கேட்டதை மட்டும் கொடுக்காமல், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், கடைசி மாதச் சம்பளம், பாக்கித் தொகை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இன்னொரு முறை அவர்கள் வராமல் இருக்கட்டும்.

தொழில் வரி ரசீது கேட்கிறார்.

கடலூர் மாநகராட்சியோ, ஊராட்சியோ, புதுச்சேரியில் நகராட்சியோ கொம்யூன் பஞ்சாயத்தோ, நிறுவனம் மொத்தமாகக் கட்டிய ரசீதுதான் இருக்கும். தனி ஆளுக்கு ரசீது கிடையாது. பிடித்த தொகையைச் சான்றில் எழுதி, மொத்த ரசீதின் எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

கட்டணம் வாங்கலாமா? எத்தனை நாளில் கொடுக்க வேண்டும்?

வாங்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். வேலையில் இருப்பவருக்கு இரண்டு நாள்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஊதியப் பதிவேட்டுக்குப் பழைய ஊதிய வழங்கல் சட்டம் சொன்னது மூன்று வருடம். கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு என்கிறது. ஆனால் ஒருவர் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வூதியம் கேட்கிறார். பழைய பேப்பர்க்காரருக்கு எடை போடும்முன் பி.எஃப். தொடர்பான ஆள்வாரிப் பட்டியலையும், சேர்ந்த தேதி, விலகிய தேதிப் பதிவேட்டையும் ஸ்கேன் செய்து என்றைக்கும் வைத்திருங்கள். ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று ஆடிட்டரிடம், ஒன்று ஆன்லைன் சேமிப்பில். காகிதக் கோப்புகளை அக்டோபருக்குள் தரைத்தளத்திலிருந்து மேலே ஏற்றிவிடுங்கள்.